செவ்வந்திக்கு ஒரு பக்கம்

தாணுலிங்கம் கொண்டுவந்த ஒரே ஒரு பக்கத்தில் நாற்பத்தொரு படங்கள் இருந்தன.

அட்டை மடங்கக் கூடாதென்று இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்துக் கயிறு கட்டியிருந்தார். பேருந்தில் அதை மடியில் வைத்தபடியே வந்தார். பக்கத்து இருக்கைக்காரர் தும்மியபோது கூடக் குனிந்து அதை மறைத்துக்கொண்டார். நாகர்கோவில் வடசேரியில் நோட்டுக்கடைக்கு மேலே இருந்த அந்த அறைக்கு அவர் ஏறி வந்தபோது மணி மூன்று.

லில்லி டீச்சர் தரையில் உட்கார்ந்து வண்ணத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அன்று வியாழக்கிழமை. சனிக்கிழமைதான் வகுப்பு.

"டீச்சர், இன்னைக்கு அஞ்சரைக்குக் கொடுக்கணும்" என்றார் தாணுலிங்கம். செருப்பைக் கழற்ற மறந்துவிட்டார். பிறகு நினைவு வந்து வெளியே போய்க் கழற்றிவிட்டு வந்தார்.

அவருக்கு வயது நாற்பத்தொன்பது. நில அளவை அலுவலகத்தில் வரைவாளர். டீச்சருக்கு முப்பத்து மூன்று. படங்களையும் தாள்களையும் ஒட்டிப் பக்கம் பக்கமாக ஆல்பம் செய்யக் கற்றுக்கொடுப்பவர். பிள்ளைகள் ஸ்கிராப் புக் என்று சொல்வது அதைத்தான். வகுப்புக்கு வருகிறவர்கள் பள்ளிக்கூட ஆசிரியைகளும், கல்யாணமாகப் போகிற அக்காவுக்குப் பரிசு செய்யும் தங்கைகளும். இரண்டு மாதத்துக்கு முன்பு தாணுலிங்கம் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தபோது ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.

"பிள்ளையக் கூட்டிட்டுப் போக வந்தியளா சார்?"

"பிள்ளையக் கூட்டிட்டு வரத்தான் வந்திருக்கேன்" என்றார் அவர்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டீச்சர் மட்டும் அவருக்கு ஒரு கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார்.

தாணுலிங்கமும் அவர் மனைவி பகவதியும் தத்துக்குப் பெயர் கொடுத்து ஆறு வருடம் காத்திருந்தார்கள். மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு பெண்பிள்ளையின் விவரம் வந்தது. பெயர் செவ்வந்தி. ஏழு வயது. திருநெல்வேலிப் பக்கம் ஓர் இல்லத்தில் இருந்தாள். போன வருடம் வேறொரு குடும்பம் அவளைக் கூட்டிக்கொண்டு போய், நாலு மாதம் வைத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டது. அதற்குப் பிறகு, புது ஆட்கள் யாராவது இல்லத்துக்கு வந்தால் அவள் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாளாம். முதலில் படத்தைக் காட்டுவது, அவளாகச் சரி என்று சொன்னால்தான் ஆட்களைக் காட்டுவது என்று இல்லத்தில் முடிவு செய்திருந்தார்கள்.

முந்தின நாள் இல்லத்திலிருந்து இசக்கியம்மாள் பேசினார். அவர்தான் அங்கே பிள்ளைகளின் காரியங்களைப் பார்க்கிறவர்.

"சார், நாளைக்கு நாகர்கோவில்ல எனக்கு ஒரு வேலை இருக்கு. சாயங்காலம் அஞ்சரைக்கு நீங்க சொல்ற இடத்துக்கு நானே வந்து வாங்கிக்கிறேன். ஒரே ஒரு பக்கம் போதும். போன குடும்பம் அறுபது பக்கத்துக்கு ஆல்பம் அனுப்பிச்சுது. வெள்ளிக்கிழமை காலைல அவகிட்ட காட்டுவோம். சரின்னு சொன்னா ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு பேரும் வாங்க."

"சொல்லலைன்னா மேடம்?"

"பாப்போம் சார்."

அந்தப் 'பாப்போம்' கேட்டதும் அவர் வீட்டிலிருந்த படங்களையெல்லாம் எடுத்துப் பரப்பினார்.

இப்போது கயிற்றை அவிழ்த்துப் பலகையை எடுத்தார். அட்டையை டீச்சரின் முன்னால் வைத்தார்.

வீட்டின் முகப்பு, கொல்லை, கிணறு, மாமரம், பகவதியின் தையல் மிஷின், அவருடைய ஸ்கூட்டர், செவ்வந்திக்கென்று வாங்கிய கட்டில், கட்டிலின் மேல் போர்வை, போர்வையில் இருக்கும் முயல், இரண்டு தாத்தாக்கள், மூன்று அத்தைகள், கல்யாண மண்டபத்தில் கும்பலாக நிற்கும் உறவுக்காரர்கள். ஒவ்வொரு படத்துக்கும் சிவப்பு மையில் எண். அட்டையின் அடியில் பட்டியல்: ஒன்று, வீடு. இரண்டு, வீட்டின் தென்புறம். மூன்று, வீட்டின் வடபுறம். இப்படி நாற்பத்தொன்று வரை. வயல்களை அளந்து வரையும் படத்தில் எண் இல்லாத துண்டு நிலம் கிடையாது. இருபத்தாறு வருடம் அதை வரைந்த கை.

"எப்படி இருக்கு டீச்சர்?"

டீச்சர் பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்து அட்டையின் மேல் போட்டு மூடினார்.

"அண்ணாச்சி, அந்தப் பக்கமா திரும்பி நில்லுங்க."

திரும்பினார்.

"இப்போ பாருங்க."

திரும்பிப் பார்த்தார். டீச்சர் தாளை எடுத்தார், ஒரு மூச்சு விடும் நேரம் காட்டினார், மறுபடி மூடிவிட்டார்.

"என்ன பாத்திய?"

"எல்லாத்தையும்."

"ஒண்ணு சொல்லுங்க."

தாணுலிங்கம் வாயைத் திறந்தார். அவரே எடுத்து, அவரே வெட்டி, அவரே ஒட்டிய படங்கள். ஆனாலும் கண்ணுக்குள் ஒரு படமும் நிற்கவில்லை.

"சிவப்பு மை" என்றார் கடைசியில்.

டீச்சர் செய்தித்தாளை மடித்து ஓரமாக வைத்தார். வகுப்பில் அவர் சொல்லிக்கொடுப்பது ரொம்பக் கொஞ்சம். அவசரத்துக்கு ஒரு பக்கம் செய்ய வேண்டுமென்றால் ஒரு படம், இரண்டு நிறம், மூன்று வரி. கண் முதலில் எங்கே போகிறது, போன கண் எங்கே இளைப்பாறுகிறது, இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைத் தாணுலிங்கம் முதல் நாளே நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். எழுதியதோடு சரி.

"எடுக்கணுமா?" என்று கேட்டார்.

"நாளைக்கு அந்தப் பிள்ள எத்தனை நேரம் பாப்பா?"

"தெரியாது."

"கட்டிலுக்கு அடியில இருந்து பாத்தா?"

தாணுலிங்கம் கட்டரை எடுத்துப் படங்களை ஒவ்வொன்றாகக் கிளப்பத் தொடங்கினார். கைபேசி அடித்தது. தபால் ஆபீசிலிருந்து பகவதி.

"ஒட்டியாச்சா?"

"ஒட்டினதை எடுத்துக்கிட்டிருக்கேன்."

"என்னது! மணி மூணே கால். எடுக்கியளா? எங்க அத்தை படத்தையும் எடுத்தாச்சா?"

"இன்னும் இல்ல."

"அதை மட்டும் எடுத்திராதீங்க. போட்டோ கொடுக்கும்போதே 'என்னையும் சேப்பியளா, இல்ல உங்க வீட்டு ஆளுகள மட்டுந்தானா'ன்னு கேட்டவங்க அவங்க."

"சரி, வை."

வைத்துவிட்டு, அத்தையைக் கிளப்பினார். அத்தை லேசில் வரவில்லை. நாலு மூலையிலும் பிடித்துக்கொண்டிருந்தார். டீச்சர் சிரித்துவிட்டார்.

"நேர்லயும் இப்படித்தானா?"

"நேர்ல இதைவிட."

கோட்டு சூட்டில் நின்ற மைத்துனர் போனார். தென்புறம் போனது, வடபுறம் போனது. மாமரத்தை மட்டும் இரண்டு முறை எடுத்து இரண்டு முறை திரும்ப வைத்தார். மூன்றாம் முறை எடுத்தவர் அதைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அட்டையில் வெள்ளை கூடிக்கொண்டே போனது.

"எங்க ஆபீஸ்ல இப்படி வெறும் இடம் விட்டு வரைஞ்சா மெமோ கொடுப்பாங்க டீச்சர். யாருக்கும் இல்லாத நிலம்னா கூட, புறம்போக்குன்னு ஒரு பேர் எழுதியாகணும். எழுதலைன்னா நாளைக்கே எவனாவது வேலி போட்டிருவான்."

"இதுல யாரு வந்து வேலி போடப்போறா?"

"அது தெரியாது. ஆனா வெறுசா இருந்தா பயமா இருக்கு. நம்மகிட்ட ஒண்ணுமே இல்லன்னு பிள்ள நினைச்சிட்டா?"

டீச்சர் ஜன்னல் வழியே கீழே பார்த்து, டீக்கடைக்காரரிடம் இரண்டு டீ சொன்னார்.

நாற்பது படங்கள் வந்துவிட்டன. நடுவில் ஒன்று மட்டும் மிஞ்சியது. அதைத் தாணுலிங்கம் தொடவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார். காலையிலிருந்து முதல் தடவையாக முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

"இது போதும்லா டீச்சர்? இதைத்தான் நான் முதல்லயே காட்டியிருக்கணும். இதுக்காகத்தான் நாலு நாள் லீவு போட்டேன்."

வீட்டு வாசற்படியில் எடுத்த படம். இடது பக்கம் தாணுலிங்கம், வலது பக்கம் பகவதி. நடுவில், இருவர் கையையும் பிடித்துக்கொண்டு, நீலப் பாவாடையில் செவ்வந்தி.

டீச்சர் அதைக் கையில் எடுத்தார். ஜன்னலருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார்.

"அந்தப் பிள்ள உங்க வீட்டுக்கு வந்திருக்கா?"

"இல்ல டீச்சர். விவரத்தோட ஒரு போட்டோ அனுப்பியிருந்தாங்கல்லா, அதைப் பிரிண்ட் போட்டு வெட்டி ஒட்டினது." குரலில் ஒரு கூச்சமும் அதற்கு அடியில் பெருமையும் இருந்தன. "விளிம்பைப் பின்பக்கமா உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சிருக்கேன். நிழல் கூட ஒரே பக்கமா விழும். தடவிப் பாருங்க, இணைப்புத் தட்டாது. பகவதியே ஒரு நிமிஷம் ஏமாந்துட்டா. அழுதுட்டா."

டீச்சர் தடவிப் பார்த்தார். தட்டவில்லை.

"நல்ல வேலை" என்றார்.

"அப்போ இதையே..."

"யாரு பாத்தாலும் நம்பிருவாங்க."

"ஆமா."

"ஒரு ஆளைத் தவிர."

"யாரு?"

டீச்சர் படத்தை அவர் கையில் கொடுத்தார். "தான் அங்க நிக்கலைன்னு தெரிஞ்ச ஆளு."

தாணுலிங்கம் படத்தைப் பார்த்தபடி இருந்தார். டீ வந்தது. டீ ஆறியது. கீழே தெருவில் ஒரு மீன்காரர் கூவிக்கொண்டு போனார். செவ்வந்தி பிடித்திருந்தது அவர் கையை அல்ல. இல்லத்து வராந்தாவில் எடுத்த படம் அது. அங்கே அவள் தூண் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தூணை அவர்தான் வெட்டி எடுத்தார். வெட்டும்போது, தூணிலிருந்து விரல்களைப் பிரிப்பதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

"எடுத்திருதேன்" என்றார்.

கட்டரின் நுனியைச் செவ்வந்தியின் பாவாடை ஓரத்தில் நுழைத்தார். நாலு நாள் பொறுமையாக ஒட்டியது, அவ்வளவு லேசில் வருமா? கொஞ்சம் வந்தது. கொஞ்சம் பலமாக இழுத்தார். அடியில் இருந்த படத்தின் மேல்தோலையும் சேர்த்து உரித்துக்கொண்டு செவ்வந்தி கையோடு வந்துவிட்டாள்.

தாணுலிங்கத்துக்கும் பகவதிக்கும் நடுவில், ஏழு வயதுப் பிள்ளையின் உயரத்தில், வெள்ளையாக ஒரு கிழிசல். தலை, தோள், இரண்டு கை.

"ஐயோ" என்றார்.

மணி நாலு இருபது.

"பூச்செடி ஏதாவது ஒட்டி மறைச்சிரலாமா டீச்சர்? இல்ல, ஒரு கிளி? கலர் பேப்பர்ல ஒரு கிளி வெட்டிருதேன். அஞ்சு நிமிஷம்." சொல்லிக்கொண்டே பச்சைத் தாளை இழுத்துவிட்டார். கத்தரிக்கோல் தாளுக்குள் போனது. பிறகு அந்தக் கிழிசலை அவர் ஒரு முறை சரியாகப் பார்த்தார்.

ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து வைத்திருந்து, பிறகு எடுத்துவிட்ட இடம் மாதிரியே அது இருந்தது.

படத்தைக் குப்புறக் கவிழ்த்தார். கத்தரிக்கோலைக் கீழே வைத்தபோது அது அவர் விரலிலிருந்து கழலவில்லை. டீச்சர்தான் கழற்றி வைத்தார்.

"வேற படம் இருக்கா அண்ணாச்சி?"

"நாப்பது இருக்கு."

பரப்பினார்கள். அவரும் பகவதியும் இருந்த படங்களிலெல்லாம் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டூடியோவில், மண்டபத்தில், யாருடைய புதுமனை புகுவிழாவிலோ. பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, புதுச்சட்டை. தாணுலிங்கம் ஒவ்வொன்றாகத் தள்ளினார். காலை வரை நன்றாகத்தான் இருந்தன. இப்போது எல்லாமே வேறு யாரோ போலத் தெரிந்தன.

கைபேசி மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. திரும்ப அடித்தது. எடுக்கவில்லை. பத்து நிமிஷத்தில் படியில் வேகமாகக் காலடி கேட்டது. தாணுலிங்கம் எழுந்துவிட்டார். இசக்கியம்மாள் முன்னதாகவே வந்துவிட்டாரோ என்று வாசலைப் பார்த்தார்.

வந்தது பகவதி. தோளில் ஆபீஸ் பை, கையில் சாப்பாட்டுக் கூடை. ஆட்டோவில் வந்ததில் தலைமுடி கலைந்திருந்தது.

"போனை எடுக்காம என்ன பண்ணுதிய? ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டு ஓடி வாரேன். எங்க பக்கம்?"

தாணுலிங்கம் வெறும் அட்டையைக் காட்டினார்.

"எங்க, ஒட்டினது?"

"இல்ல."

"இல்லன்னா?"

"எல்லாத்தையும் எடுத்தாச்சு. நடுப்படம் கிழிஞ்சு போச்சு." கவிழ்ந்து கிடந்த படத்தை அவள் எடுக்கப் போனபோது அவர் கையை வைத்து மறைத்தார். "பாக்காத."

பகவதி பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள், அதுவே போதுமாக இருந்தது. பையைக் கூடக் கழற்றாமல், அவரைப் பெஞ்சில் இழுத்து உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆறு வருஷம்" என்றாள். "மணி நாலே முக்கால்."

"தெரியும்."

"உங்க விரல்ல என்ன?"

"கம்மு."

இருவரும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்கள். பிறகு வாசலைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் டீச்சர் தன் கைபேசியை எடுத்துப் பிடித்தார். சத்தம் கேட்டு இருவரும் திரும்பினார்கள். திரும்பியபோதும் ஒன்று எடுத்தார்.

"ஐயையோ டீச்சர், என்ன இது!" பகவதி கலைந்த முடியை ஒதுக்கினாள். "மூஞ்சி கூடக் கழுவல. நல்ல புடவை கூட இல்ல. இவங்க சட்டையில பாருங்க, பச்சைப் பேப்பர் ஒட்டிக்கிட்டிருக்கு."

"இருக்கட்டும்."

"எதுக்கு இப்போ?"

டீச்சர் மூலையிலிருந்த சின்ன பிரிண்டரைப் போட்டார். அது இருமியது, நின்றது, மறுபடி இருமியது. தாணுலிங்கம் அதன் பக்கத்தில் போய், மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிறவர் மாதிரி குனிந்து நின்றார். தாள் பாதி வந்து சிக்கியது. டீச்சர் உள்ளே விரலை விட்டு எடுத்தார். தாள் கசங்கிவிட்டது. இரண்டாவது தாள் போட்டார். மணி நாலு ஐம்பத்தெட்டு. மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு தலைகள் வந்தன.

படத்தில் பகவதியின் தோளில் ஆபீஸ் பையின் வார். தாணுலிங்கத்தின் காலரில் பச்சைத்தாள் துணுக்கு. இருவரும் யாரோ கூப்பிட்டதைக் கேட்டுத் திரும்பினது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு இல்லை.

பகவதி அதைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நாமதான்" என்றாள்.

தாணுலிங்கம் ஸ்கேலை எடுத்தார். புதிய அட்டை ஒன்றில் குறுக்கே அளந்தார், நெடுக்கே அளந்தார், சரியான நடுவில் புள்ளி வைத்தார். படத்தை அதன் மேல் கொண்டுபோனார்.

டீச்சர் படத்தை ஒரு விரலால் தள்ளினார். இடது பக்கமாக, கொஞ்சம் கீழே.

"கோணலா இருக்கே டீச்சர். நடுவுல வச்சா என்ன?"

"நடுவுல வச்சா, பாத்ததும் முடிஞ்சிரும்."

தாணுலிங்கம் தள்ளி நின்று பார்த்தார். முதலில் கண் படத்துக்குப் போனது. பிறகு அது தானாக வலது பக்கம் நகர்ந்து, அங்கே எதையோ தேடியது. அங்கே ஒன்றும் இல்லை.

படத்துக்கு அடியில் காவி நிறத் தாள் ஒன்றை ஒட்டினார்கள். ஓரத்தில் மஞ்சளில் ஒரு பட்டை. வேறு நிறமில்லை. தாணுலிங்கம் பட்டையைத் துளிகூடக் கோணாமல் வெட்டிக்கொடுத்தார்.

"இனி எழுதணும்" என்றார் டீச்சர். "மூணு வரி."

தாணுலிங்கம் தன் நோட்டைப் புரட்டினார். எழுதி வைத்திருந்தார். அன்பு மகளே என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம் போயிற்று. அதில் வீடு இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, கடற்கரை இருந்தது, உனக்கு ஒரு குறையும் வராது என்று இருந்தது. மூன்று வரிக்குக் குறைக்க உட்கார்ந்தார். ஒரு வரியை அடித்தார், அதையே திரும்ப எழுதினார், அடித்தார். மணி ஐந்து பத்து. ஐந்து பதின்மூன்று.

"மகளேன்னு போடலாமா டீச்சர்? இல்ல, பாப்பான்னு போடவா?"

டீச்சர் சுவர்க்கடிகாரத்தைக் காட்டினார்.

பகவதி அவர் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். தபால் ஆபீசில் பெரியவர்களுக்கு விலாசம் எழுதிக்கொடுத்துப் பழகிய கை. தெளிவாக, கொஞ்சம் பெரிதாக, படத்துக்கு அடியில் எழுதினாள்.

இது வியாழக்கிழமை எடுத்த படம்.

நான் பகவதி. இவர் தாணுலிங்கம்.

எங்களுக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

தாணுலிங்கம் படித்தார். முகம் சுருங்கியது.

"என்ன பகவதி இது! பெரியவங்க பயப்படுதோம்னு பிள்ளைகிட்ட சொல்லலாமா? தைரியம் சொல்ல வேண்டியது நாம."

"உங்களுக்குப் பயம் இல்லையா?"

"அது வேற."

"மத்தியானத்துல இருந்து தண்ணி கூடக் குடிக்கல நீங்க. இந்தா டீ ஆடை கட்டிக் கிடக்கு. நான் ஆபீஸ்ல ஒரே கவர்ல ரெண்டு தடவை முத்திரை குத்தினேன். பொய் எழுதச் சொல்லுதியளா?"

அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் குனிந்து, மை காயட்டும் என்று எழுத்தின் மேல் மெதுவாக ஊதினார்.

கீழே நோட்டுக்கடையில் ஒரு பெண் குரல் வழி கேட்டது.

"வந்துட்டாங்க" என்றாள் பகவதி. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

தாணுலிங்கம் பக்கத்தைப் பார்த்தார். இடது பக்கம் அவர்கள் இருவரும், மூன்று வரிகளும். வலது பாதி முழுக்க வெள்ளை. படியில் காலடி ஒவ்வொன்றாக ஏறியது. அவர் சட்டென்று தரையில் கிடந்த படங்களை அள்ளினார். கட்டில் படம் கிடைத்தது. சட்டைப் பையில் மாமரம் இருந்தது. கட்டிலை மேலே, மாமரத்தைக் கீழே ஒட்டிவிட்டால் போதும், அரை நிமிஷ வேலை. கம்மின் மூடியைத் திறந்துவிட்டார்.

டீச்சர் தன் உள்ளங்கையை அந்த வெள்ளைப் பாதியின் மேல் வைத்தார்.

"கையை எடுங்க டீச்சர். வந்துட்டாங்க!"

எடுக்கவில்லை.

இசக்கியம்மாள் வாசலில் நின்று மூச்சு வாங்கினார். கையில் இரண்டு பைகள். "ஆறு மணிக்கு ரயில் சார். ரெடியா?"

டீச்சர் கையை எடுத்தார். இசக்கியம்மாள் பைகளை வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையின் முன்னால் குனிந்தார். படத்தைப் பார்த்தார். மூன்று வரிகளையும் படித்தார். மூன்றாவது வரியில் கொஞ்சம் நின்றார். பிறகு பகவதியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லா இருக்கு" என்றார். "ஆனா இந்தப் பக்கம் பூரா அப்படியே கிடக்கே. முடிக்க நேரம் பத்தலையா?"

"முடிச்சாச்சு மேடம்" என்றார் டீச்சர். "இவங்க பாதி முடிஞ்சாச்சு."

காவித் தாளில் மிஞ்சிய துண்டை மடித்து, மூன்று ஓரமும் ஒட்டி, உறை மாதிரி ஆக்கினார். அதை அட்டையின் வலது மூலையில் பதித்தார். மேசை இழுப்பறையில் துழாவி ஒரு பென்சிலை எடுத்தார்.

தாணுலிங்கம் அந்தப் பென்சிலைப் பார்த்தார். வெள்ளையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. புரிந்ததும் முன்பு இருந்ததைவிடப் பெரிய பயமாக வந்தது.

"டீச்சர்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"அவ அதுல வேண்டாம்னு எழுதிட்டா?"

டீச்சர் பென்சிலின் முனையை விரலில் வைத்துப் பார்த்தார். மழுங்கியிருந்தது. சீவினார். சுருள் கீழே விழுந்தது. இன்னும் ஒரு சுற்றுச் சீவி, ஊதி, உறைக்குள் செருகினார்.

"அதுக்கும் இடம் வேணும்லா, அண்ணாச்சி."